குழாயடி எழுதி அழித்த வரி

அந்த ஆள் எங்க ஆபீசுக்குள்ள நுழையும்போதே கைக்குட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நுழைஞ்சார். அழறதுக்கு முன்னாடியே கைக்குட்டையை எடுத்துத் தயாரா வச்சுக்கிற ஆளை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. மனசுக்குள்ள அவருக்குக் 'கைக்குட்டை'ன்னே பேர் வச்சுட்டேன்.

ஆபீஸ்னு சொன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்க. ரெண்டு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய மின்விசிறி. துப்பறியறது எங்க அண்ணி. அண்ணனைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனியில பொய்க் கணக்குக் காட்டறவங்களைப் பிடிக்கிற வேலை பார்த்தவங்க. நான் அவங்க உதவியாளர். வேற வேலை கிடைக்கலைன்னும் சொல்லலாம். வீட்டுல எனக்குப் பேர் ரேடியோ. ஏன்னு நான் சொல்லவேண்டாம், கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சுடும்.

"உட்காருங்க சார்"னு சொல்லிட்டு, பின்பக்கக் குழாயில ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சுக் கொண்டுவந்து வச்சேன். ஒரே மடக்குல குடிச்சுட்டுப் பேச ஆரம்பிச்சார்.

"துணி வியாபாரம் பண்றேன் மேடம். எனக்கு ஒரே பொண்ணு. போன மாசம் இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சுட்டுப் பிழைச்சதே பெரிய விஷயம். இணையத்துல 'குழாயடி'ன்னு ஒருத்தர் எழுதறார், தெரியுமா?"

தெரியாம என்ன! ஊரே படிக்குது. குழாய்த் தண்ணியில என்னென்ன கலக்குது, பரிசோதனை முடிவை எப்படி மாத்தி எழுதறாங்கன்னு புட்டுப் புட்டு வைக்கிற பக்கம். யார் எழுதறாங்கன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

"அவரை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும் மேடம். அவ்வளவுதான். 'என் மகளும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாள்'னு ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படிச்ச அன்னிக்குத்தான் நான் என் பொண்ணுக்குக் குழாய்த் தண்ணி கொடுக்கிறதை நிறுத்தினேன்." கைக்குட்டை கண்ணுக்குப் போச்சு. "அந்த ஒரு வரிதான் மேடம் எம் பொண்ணைக் காப்பாத்துச்சு."

நானும் மூக்கை உறிஞ்சினேன். அழுற ஆம்பளையைப் பார்த்தா நான் உருகிடுவேன். அண்ணி உருகலை. அவங்க காலி டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"இதை நீங்க போலீஸ்ல கேட்டிருக்கலாமே?"

"ஐயையோ! அவர் பாவம், மாட்டிக்குவார். அடுத்த மாசத்துலேர்ந்து இணையத்துல யார் எழுதினாலும் அடையாள அட்டையோட சேர்க்கணும்னு சட்டம் வருதே. அதுக்குள்ள அவரை எச்சரிக்கணும்."

"ஆனா இணையக் கண்காணிப்புத் துறைக்காரங்க டிவியில சொன்னாங்களே. பொதுவுல போட்டதை மட்டும்தான் படிக்கிறோம், ஒருத்தரோட சொந்த எழுத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம்னு?"

"அப்படித்தான் சொல்றாங்க"ன்னு சிரிச்சார் கைக்குட்டை. அப்புறம் நாங்க செய்தி அனுப்ப வசதியா இருக்கும்னு ஒரு ஆப்பைப் போட்டுக்கச் சொன்னார். அண்ணியோடது பட்டன் போன், அதுல ஆப்பும் ஏறாது ஒண்ணும் ஏறாது. என் போன்ல போட்டுவிட்டுட்டுப் போனார்.

"நல்ல மனுஷன்"னேன்.

"தாகம் எடுத்த மனுஷன்"னாங்க அண்ணி.

அவங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து குழாயடியோட பதிவுகளை ஒண்ணுவிடாம படிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நேரத்துல நான் செய்யற ஒரே வேலை, கீழே ஜெராக்ஸ் கடையில இருக்கிற பொண்ணுக்கு மெசேஜ் எழுதறது. எழுதினேன். படிச்சேன். கூச்சமா இருந்துச்சு. அழிச்சேன். இது தினமும் நடக்கிற கூத்து. இதுவரைக்கும் ஒரு எழுத்துகூடக் கீழ்மாடிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

மறுநாள் காலையில ஆபீசுக்கு வந்ததும் அண்ணி கையை நீட்டினாங்க. "போனைக் கொடு. சார்ஜ் போட்டு வைக்கிறேன்."

"முழுசா சார்ஜ் இருக்கு அண்ணி."

"அப்ப இன்னும் நல்லது. கொடு."

கொடுத்தேன். எங்க வீட்டுல அண்ணி கேட்டு யாரும் இல்லைன்னு சொன்னதில்லை. அண்ணன் உட்பட.

"இதைக் கேளு ரேடியோ"ன்னு கம்ப்யூட்டரைப் பார்த்துப் படிச்சாங்க. "'எதிரே தொட்டியில் ஒரு மீன். கொடுத்து வைத்த மீன். அதற்கு வடிகட்டிய தண்ணீர் கிடைக்கிறது.' இது ஒரு பதிவுல. இன்னொண்ணுல, 'பக்கத்து அறையில் ஓயாமல் துளை போடுகிறார்கள், எழுத்து ஓடவில்லை.' அப்புறம் இது. 'கையில் கிடைத்த பத்திரிகையில் போன வருஷ ராசிபலன். அதன்படி நான் இப்போது வெளிநாட்டில் இருக்க வேண்டும்.' எங்கேர்ந்து எழுதறாங்க, சொல்லு பார்ப்போம்."

"துளை போடறாங்கன்னா கட்டடம் கட்டற இடம். இல்லைன்னா லேத் பட்டறை."

"பட்டறையில மீன் தொட்டி வச்சிருப்பாங்களா?"

"ரசனையுள்ள முதலாளியா இருந்தா வைப்பாரு."

"உன் தலை! ஒருத்தரைக் காத்திருக்க வச்சா என்ன பண்ணுவாங்க? பயம் தெளியறதுக்கு மீன் தொட்டி வைப்பாங்க. படிக்கப் பழைய பத்திரிகையைப் போடுவாங்க. துளை போடறது சுவத்துல இல்லை தம்பி."

எனக்குத் தானா நாக்கு கடைவாய்ப் பக்கம் போச்சு. "பல் டாக்டர்!"

"பல மாசமா அங்கேர்ந்தே எழுதறாங்க. வாயைத் திறந்து படுத்துக்கிட்டு யாரும் டைப் அடிக்க முடியாது. அப்ப வேற யாரையோ கூட்டிக்கிட்டு வர்றாங்க. இத்தனை நாள் இழுக்கிற வைத்தியம் எது? சின்னப் பசங்களுக்குக் கம்பி கட்டறது, இல்லைன்னா பெரியவங்களுக்கு முழு பல்செட். பரிசோதனை முடிவெல்லாம் தெரிஞ்சிருக்கிறதால தண்ணி லேப்ல வேலை. அந்த லேப்பைச் சுத்தி எத்தனை பல் டாக்டர் இருக்காங்கன்னு பார்த்துடுவோம், கிளம்பு."

முதல்ல போன இடத்துல மீன் தொட்டியே இல்லை. அடுத்த இடத்துல தொட்டி இருந்துச்சு, மீன் செத்து வாரமாச்சுன்னாங்க. கடைசியா ஒரு மருந்துக்கடை மாடியில ஏறினோம். கண்ணாடிக் கதவு, பச்சை சோபா, கிழிஞ்ச பத்திரிகைகள், தொட்டியில தனியா ஒரு ஆரஞ்சு மீன். உள்ளேருந்து மெஷின் சத்தம் காதைப் பிடுங்குச்சு. சத்தம் நின்னதும் டாக்டர் குரல்: "ம், துப்புங்க."

"அண்ணி, நம்மளைத்தான் கூப்பிடறார்"னேன்.

"வாயை மூடிட்டு உட்காரு. திறந்து வச்சேன்னா பிடுங்கிடுவாங்க."

சோபாவோட ஓரத்துல ஒரு பொண்ணு. முப்பது வயசுக்கு மேல இருக்கும். மடியில ஒரு குழந்தையோட ஸ்கூல் பை, கையில போன், கட்டைவிரல் ரெண்டும் பறக்குது. அண்ணி பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரம் மீனையே பார்த்தாங்க. அப்புறம் யார்கிட்டயோ சொல்ற மாதிரி, "கொடுத்து வச்ச மீன்"னாங்க.

பறந்த விரல் அப்படியே நின்னுச்சு. அந்தப் பொண்ணு முகத்துல ரத்தமே இல்லை.

"பயப்படாதேம்மா. நான் போலீஸ் இல்லை."

"நீங்க என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியலை"ன்னா அவ. ஸ்கூல் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "எங்கப்பா உள்ள இருக்கார். அவருக்குப் பல்லே கிடையாது. எம் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, உள்ள தாத்தா பக்கத்துல நிக்கிறா. அவளுக்கு அப்பா இல்லை. என்னை விட்டா ரெண்டு பேருக்கும் நாதியில்லை. தயவுசெஞ்சு போயிடுங்க."

"போயிடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லு. 'என் மகளும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாள்.' இந்த வரியை நீ எப்ப போட்டே?"

அவ அண்ணியை வெறிச்சுப் பார்த்தா. பயம் போய், முகத்துல வேற என்னமோ வந்துச்சு.

"அதை நான் போடவே இல்லையே."

"அப்ப அது உன் வரி இல்லையா?"

"என் வரிதான். எழுதினேன். எனக்கு மகள் இருக்கான்னு தெரிஞ்சா கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயந்து உடனே அழிச்சுட்டேன். யார்கிட்டயும் சொன்னதுகூட இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைக்குட்டை! அந்த வரியைச் சொல்லித்தானே கண்ணைத் துடைச்சார். நானும் கூடச் சேர்ந்து மூக்கை உறிஞ்சினேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்.

"நானும் எல்லாப் பதிவையும் ரெண்டு தடவை படிச்சேன்"னாங்க அண்ணி. "அந்த வரி எங்கயும் இல்லை. போட்டுட்டு எடுத்தியா, போடாமலே எடுத்தியான்னு உன்கிட்ட கேட்டாத்தான் தெரியும். நீ அதுல ஒவ்வொரு எழுத்தா அடிக்கும்போதே அந்தத் தளம் தானா சேமிச்சு வைக்கும் இல்லையா? அங்கேயே கண்ணை வச்சுட்டாங்க. அவங்களுக்கு எல்லாமே ஒண்ணுதான். நீ ஊருக்குச் சொன்னது எது, உனக்குள்ள சொல்லிக்கிட்டது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாம அந்த ஆள் உளறிட்டான்."

"அப்ப நான் எங்கேர்ந்து எழுதறேன்னும் தெரியுமா?"

"இடத்தை மறைக்கிற ஆப் ஏதாவது போட்டிருக்கியா?"

தலையாட்டினா.

"அதனாலதான் எழுத்து மட்டும் கிடைக்குது, ஆள் கிடைக்கலை. ஆளைத் தேட என்னை அனுப்பியிருக்காங்க. போலீஸ் வந்து கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஒரு குடும்பப் பொம்பளை வந்து கேட்டா எல்லாரும் சொல்லிடுவாங்க."

"அண்ணி"னு இழுத்தேன். "அவர் என் போன்ல ஆப் போட்டாரே! நம்ம பின்னாடியே வந்திருப்பாரே!" எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். தெருவுல நிக்கிற ஒவ்வொரு காரும் என்னையே முறைக்கிற மாதிரி இருந்துச்சு.

"உன் போன் இங்கயா இருக்கு?"

"சார்ஜ்ல..."

"காலையில ஆபீஸ் வழியாப் போன அத்தை பையில போட்டுட்டேன். வீட்டுக்கு ஜன்னல் திரை வாங்கணும்னு காலையிலேயே கிளம்பினாங்கல்ல? உங்கம்மா ஒரு திரைச்சீலை வாங்க எத்தனை கடை ஏறுவாங்கன்னு உனக்கே தெரியும். அந்த ஆளும் இந்நேரம் கடை கடையா ஏறி இறங்கிட்டிருப்பான்."

அந்த மனுஷனை நினைச்சு ஒரு நிமிஷம் எனக்கே பாவமா இருந்துச்சு. எங்கம்மாகூடக் கடைக்குப் போறது எதிரிக்குக்கூட வரக்கூடாத தண்டனை. "ஆனா அவர்மேல எப்ப சந்தேகம் வந்துச்சு உங்களுக்கு?"

"இந்த ஊர்த் தண்ணி பெத்த பொண்ணையே சாகக் கிடக்க வச்சுடுச்சுன்னு அழுதவன், நீ குழாயில பிடிச்சுக் கொடுத்ததை மடமடன்னு குடிச்சானே. ஒரு வார்த்தை கேட்டானா, இது எந்தத் தண்ணின்னு?"

அந்தப் பொண்ணு முகத்தை மூடிக்கிட்டு அழுதா. "எனக்குள்ள வச்சுக்கிட்டதைக்கூட யாரோ உட்கார்ந்து படிச்சிருக்காங்க. இதுக்கு அப்புறம் நான் எப்படி எழுதுவேன்? என்னை என்னைக்காவது பிடிச்சுடுவாங்க இல்லையா?"

அண்ணி அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அழிச்சாலும் படிக்கிறாங்கன்னா, அது அவங்க பலம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அதைவச்சே அவங்களைத் தெருவுல நிறுத்தலாம். இப்ப நான் சொல்றதை எழுது. எழுதிட்டுக் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி அப்படியே விடு. அப்புறம் அழிச்சுடு. எந்தக் காரணத்துக்காகவும் பதிவு போட்டுடாதே."

அவ எழுதினா. 'நாளை காலை பொது நூலகம், மாடி வாசிப்பறை, ஜன்னலோர மேசை. பரிசோதனை முடிவுகளை நிருபரிடம் நேரில் கொடுக்கிறேன். என் அடையாளம் நீலக் குடை.' பார்த்துக்கிட்டே இருந்தோம். தொட்டியில மீன் ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. அப்புறம் அழிச்சா.

"நாளைக்கு நீ லேப்பை விட்டு நகரக் கூடாது. எல்லார் கண்ணுலயும் படற மாதிரி இரு"ன்னு சொல்லிட்டு அண்ணி எழுந்தாங்க.

கதவு திறந்து அவ அப்பா பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தார். புதுப் பல்லோட சிரிச்சார். வாய்க்குக் கொஞ்சம் பெரிய சிரிப்பு.

நூலகத்து மாடியில காலையில கூட்டமே இல்லை. அண்ணி ஒரு அலமாரி ஓரமா அகராதி புரட்டிக்கிட்டிருந்தாங்க. அண்ணிக்குத் தெரிஞ்ச நிருபரம்மா பக்கத்து மேசையில செய்தித்தாளை விரிச்சு, அதுக்குப் பின்னாடி கேமராவை வச்சிருந்தாங்க. ஜன்னலோர மேசையில எங்கம்மா. முன்னாடி நீலக் குடை. எதுக்கு உட்கார வச்சிருக்கோம்னு அவங்களுக்கு முழுசாச் சொல்லலை, "ஒருத்தன் வருவான், உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க அத்தை"ன்னு மட்டும் அண்ணி சொல்லியிருந்தாங்க. எங்கம்மாவுக்கு அது போதும்.

நான் செய்தித்தாளைத் தலைகீழாப் பிடிச்சிருந்தேன்னு நிருபரம்மா ஜாடை காட்டினப்பதான் தெரிஞ்சுது. வரலைன்னா? வேற யாராவது வந்தா? லேப் வாசல்லயே போய் நின்னுட்டா?

படியில காலடிச் சத்தம். முதல்ல ரெண்டு தடியனுங்க, நடுவுல கைக்குட்டை. கையில கைக்குட்டை இல்லை. நேரா ஜன்னலோர மேசைக்குப் போய்க் குடைமேல கையை வச்சார்.

"இணையக் கண்காணிப்புத் துறை. எழுந்திரிங்க. உங்க பையைக் காட்டுங்க."

எங்கம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு இன்னொரு தடவை பார்த்தாங்க.

"அடப்பாவி, நீயா! நேத்துப் பூரா கறுப்புக் கார்ல என் பின்னாடியே சுத்தினவன்தானே நீ? அவ்வளவு தூரம் வந்தியே, ஒரு பையையாவது வாங்கித் தூக்கிட்டு வரக்கூடாதாடா? தோள்பட்டை விட்டுப் போச்சு எனக்கு!"

கைக்குட்டை குடையிலேர்ந்து கையை எடுத்தார். அதுக்குள்ள நிருபரம்மா கேமராவோட எதிரே வந்துட்டாங்க.

"சார், குழாயடியைப் பிடிக்க வந்தீங்களா?"

"இது துறை விஷயம். குழாயடி இங்க வர்றதாத் தகவல்."

"எங்கேர்ந்து தகவல்?"

"அவங்களே எழுதியிருந்தாங்க. நீலக் குடைன்னு."

"எங்க எழுதியிருந்தாங்க சார்? நேத்துலேர்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். புதுசா ஒரு வரிகூட வரலை. பொதுவுல போட்டதை மட்டும்தான் படிக்கிறோம்னு உங்க துறை டிவியில சொல்லுச்சு. போடாத ஒண்ணை நீங்க எப்படிப் படிச்சீங்க?"

கைக்குட்டை வாயைத் திறந்தார், மூடினார். நெத்தியில வேர்த்து ஊத்துது. பாக்கெட்டைத் துழாவினார். தேவைப்பட்ட நேரத்துல கைக்குட்டை இல்லை.

அலமாரி ஓரத்துலேர்ந்து அண்ணி வந்து நின்னாங்க. "உங்க பொண்ணு எப்படியிருக்கா சார்?"

அவர் தடியனுங்களைப் பார்த்துத் தலையாட்டிட்டுத் திரும்பினார். என் பக்கத்துல வந்ததும் நின்னார். எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, மெதுவா, அன்பாவே சொன்னார்.

"அதை அனுப்பியிருக்கலாம் தம்பி. 'உங்க கடை மெஷின் நின்னுட்டா எனக்குள்ளயும் ஏதோ நின்னுடுது.' நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஏன் அழிச்சீங்க?"

போயிட்டார். அந்த ஆப் நான் எங்க போறேன்னு மட்டும் பார்க்கலை, அழிச்சதையும் படிச்சிருக்கு.

எனக்கு அதுவரைக்கும் வாயில வராத பதிலே கிடையாது. அன்னிக்கு ஒண்ணும் வரலை. காது ரெண்டும் எரிஞ்சுது. நான் குளிக்கிறதை யாரோ ஜன்னல் வழியா நின்னு பார்த்துட்டு, குளிச்சது போதலைன்னு சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அவமானமா இருந்துச்சுங்க, வேற என்ன சொல்ல.

"என்னடா சொன்னான்?"னு அம்மா கேட்டாங்க.

"ஒண்ணுமில்லம்மா."

அண்ணி என் முகத்தைப் பார்த்தாங்க.

மத்தியானத்துக்குள்ள அந்த வீடியோ ஊர் முழுக்கப் பரவிடுச்சு. சம்பந்தப்பட்ட அதிகாரியைப் பத்தி விசாரிக்கிறோம்னு துறை ஒரு அறிக்கை விட்டுச்சு. அடுத்த மாசச் சட்டம் வருமா வராதான்னு யாருக்கும் தெரியலை. லேப் பொண்ணு அன்னிக்கு முழுக்க மேலதிகாரி கண்ணெதிர்லயே வேலை பார்த்ததால, அவமேல யாருக்கும் சந்தேகம் வரலை. இப்போதைக்கு.

சாயங்காலம் ஆபீசுக்குப் போனா, கீழே ஜெராக்ஸ் கடையில ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கையில ஒரு தாள். ஒண்ணை வாங்கிப் பார்த்தேன். குழாயடியோட புதுப் பதிவு. ஒரே ஒரு வரி.

'என் மகளும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாள்.'

"போட்டுட்டா!"ன்னேன். "அண்ணி, ஆபத்தாச்சே!"

"அவங்க ஏற்கெனவே படிச்ச வரிதானே. அவளையே கேட்டேன். 'அவங்க மட்டும் படிச்ச வரியா அது இருக்கக் கூடாது'ன்னா." அண்ணி கூட்டத்தைப் பார்த்தாங்க. "இத்தனை பேர்ல மகள் இல்லாதவங்க யாரு? எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் குழாயில ஒட்டப் போறாங்களாம். தேடிப் பிடிக்கட்டும்."

சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. நான் போகலை.

உள்ளே ஜெராக்ஸ் கடைப் பொண்ணு தாள் தாளா அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தா. மெஷின் ஒரு முனகல் முனகிட்டு நின்னுடுச்சு. "ஐயோ, சூடேறி நின்னுடுச்சு, கொஞ்ச நேரம் ஆகும்"னா. கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்துச்சு. நான் மட்டும் நின்னேன்.

"உங்களுக்கு என்ன ஜெராக்ஸ்?"

பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். போன் மேலே அண்ணி மேசையில, பேட்டரியைக் கழட்டி வச்சபடி இருந்துச்சு. கடையில கேமரா கிடையாது. நானும் அவளும் நின்னுபோன மெஷினும்தான்.

"ஜெராக்ஸ் எதுவும் வேணாம். இந்த மெஷின் நின்னுட்டா..."ன்னு ஆரம்பிச்சேன். அழிக்க முடியாத மாதிரி, வாயால, முழுசாச் சொன்னேன்.

அவ நிமிர்ந்து பார்த்தா. கையில இருந்த தாளை மேசைமேல வச்சா. ஒரு பதில் சொன்னா.

என்ன சொன்னான்னு கேக்காதீங்க. ஊர்க் கதையெல்லாம் உங்களுக்கு ஒலிபரப்பின ரேடியோதான், ஆனா அதைச் சொல்ல மாட்டேன். எழுதவும் மாட்டேன். எழுதிட்டு அழிக்கவும் மாட்டேன்.